தங்கச்சியின் எம்.பி.பி.எஸ்.ஸும் ரூபிள் கணக்கும்

நீட் முடிவு வந்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு என் போன் ஓயாது. யாரோ ஒரு சொந்தக்காரர் நம்பர் கொடுத்திருப்பார், யாரோ ஒருவர் கூப்பிடுவார். "உங்க தங்கச்சி ரஷ்யாவுல டாக்டருக்குப் படிச்சாங்களாமுங்க, மொத்தம் எத்தனைங்க ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். ஒரு தொகையைச் சொன்னால் குறித்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். "எந்த வருஷத்து ரூபிள் கணக்குல சொல்லட்டுங்க?" என்று நான் ஆரம்பித்தால், சொல்ல மனசில்லாமல் மழுப்புகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். இனி கூப்பிடுகிறவர்களுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு நான் வேலையைப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், வெளிநாட்டு மருத்துவப் படிப்பில் மொத்தத் தொகை என்று ஒன்று கிடையாது. எந்த ஊர்ப் பணத்தில் கட்டுகிறோம், அந்தப் பணம் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது, படித்து வந்த பிள்ளை எப்போது சம்பாதிக்கத் தொடங்கும் என்பதையெல்லாம் பொறுத்துத்தான் செலவு. ஏஜென்ட் தரும் வழவழப்பான நோட்டீஸில் இதில் ஒன்றுகூட இருக்காது.

நாங்கள் நாமக்கல் பக்கம். அப்பா விவசாயம். நான் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். தங்கச்சி 2018 நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்தாள், ஆனால் அரசுக் கல்லூரிக்கு அது போதவில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்குள் கல்விக் கட்டணம் முடிந்திருக்கும். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்குப் பல லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பக்கம் போனால் ஒரு வருஷத்துக்கே இருபது லட்சத்தைத் தொடும். சில ஆயிரத்துக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் கிர்கிஸ்தானும் பிலிப்பைன்ஸும் கடை விரித்திருக்கின்றன.

"ஆறு வருஷம், எல்லாம் சேர்த்துப் பதினெட்டு லட்சம்" என்றது நோட்டீஸ். ஏஜென்ட் பெயர் வேண்டாம், எல்லா ஏஜென்ட்டும் ஏறக்குறைய இப்படித்தான். முதல் வருஷத்துக்கு மட்டும் அவர் கேட்ட தொகை, அடுத்தடுத்த வருஷங்களுக்குச் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. கேட்டால் அட்மிஷன், அழைப்புக் கடிதம், விசா, சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை, மொழிபெயர்ப்பு என்று அடுக்கினார். இதில் பாதிக்குத்தான் ரசீது வந்தது. பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் கையில் வந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இடப்பக்கம் ரஷ்ய மொழி, வலப்பக்கம் ஆங்கிலம். ஆண்டுக் கட்டணம் 2,40,000 ரூபிள், இரண்டு தவணை. டாலர் என்ற பேச்சே அதில் இல்லை, ரூபாய் என்ற பேச்சும் இல்லை. பணவீக்கத்துக்கு ஏற்பக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி வேறு. நோட்டீஸில் இருந்த பதினெட்டு லட்சம், அச்சடித்த அன்றைய விலையில் யாரோ கால்குலேட்டரில் தட்டிப் போட்டது. அவ்வளவுதான்.

கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நோட்டீஸை வைத்துவிட்டு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உதவித்தொகை ஏதாவது உண்டா என்று பலர் கேட்கிறார்கள். நம் அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டங்கள் பெரும்பாலும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான். எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கை நீட்ட முடியாது. ரஷ்ய அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச இடங்கள் தருவது உண்மைதான். ஆனால் அதில் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வருஷம் ரஷ்ய மொழி படித்துவிட்டு அந்த மொழியிலேயே பாடம் படிக்க வேண்டிவரும். நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகளோ பாடமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே இலவசமாகப் படித்துவிட்டு இங்கே பதிவு கிடைக்காமல் நின்றால் யாரைக் கேட்பது? ஆக, கடன்தான்.

கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை பிணை வேண்டாம், ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதற்கு மேலே போனால் சொத்துப் பத்திரம். நாங்கள் கடன் கேட்டபோது வங்கிகளின் பொது வழிகாட்டுதல் இது. நாங்கள் கேட்டது பன்னிரண்டு லட்சம், ஆண்டுக்கு இரண்டு லட்சம் வீதம். வெளிநாட்டுப் படிப்பு என்பதால் செலவில் நூற்றுக்குப் பதினைந்து நம் கையிலிருந்து போட வேண்டும், அதற்கு மார்ஜின் என்று பெயர். தோட்டத்துப் பத்திரத்தைத் தருகிறேன் என்று அப்பா நிமிர்ந்துகொண்டு போனார். மேனேஜர் வேண்டாம் என்றுவிட்டார். கடன் கட்டாவிட்டால் வங்கி நேரடியாகச் சொத்தை எடுத்து ஏலம் விட உதவுகிற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தின் மேல் பாயாது. அதனால் ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்திருப்பவருக்கு இல்லாத மதிப்பு, டவுனில் ஒன்றரை சென்ட்டில் வீடு வைத்திருப்பவருக்கு உண்டு.

மிச்சம் இருந்தது ஊருக்குள் இருந்த வீடு. பட்டா இன்னும் தாத்தா பெயரில். வக்கீல் முப்பது வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், வாரிசுச் சான்று எல்லாம் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவோட கூடப் பிறந்தவங்க விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கோணுமுங்க" என்றார். சித்தப்பா சரியென்றுவிட்டார். அத்தையிடம் யார் கேட்பது என்பதில் வீட்டில் நான்கு நாள் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. கல்யாணமாகிப் போன பெண்ணிடம் வீட்டுப் பங்கை விட்டுக்கொடு என்று கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. அம்மா போய்க் கேட்டார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அத்தையின் கைரேகை அந்தக் கருவியில் பதியவே இல்லை. ஆயுசுக்கும் களை வெட்டிய கை, ரேகை தேய்ந்து போயிருந்தது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, ஈரத்துணியில் துடைத்து, கடைசியில் இடது கை ஆள்காட்டி விரலில் விழுந்தது. அதுவரை அத்தை ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் சொன்னார்: "பங்கு கெடக்குது போ. அம்மிணி டாக்டராகி வந்து என்ற முட்டிக்கு ஊசி போட்டு உடோணும். காசு தர மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

கடன் கிடைத்தபின் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. படிக்கும் காலத்தில் வட்டி கட்டுவதா, வேண்டாமா? படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை எதுவும் கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும்போது இனிப்பாகத்தான் இருக்கும். நான் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். பத்தரை சதவீதம் வட்டி. ஒன்றும் கட்டாமல் விட்டால், தனிவட்டியாகவே கணக்குப் பார்த்தாலும் பன்னிரண்டு லட்சம் ஏழாவது வருஷம் பதினேழரை லட்சத்தைத் தாண்டிவிடும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் இருபத்துநாலாயிரம் அளவுக்குத் தவணை வரும். வட்டியை மட்டும் அப்போதைக்கப்போது கட்டி வந்தால் பதினாறாயிரத்துச் சொச்சத்தோடு முடியும். முதல் வருஷம் வட்டி மாதம் ஆயிரத்து எழுநூற்றைம்பதுதான், கடைசி வருஷத்தில் பத்தாயிரத்து ஐந்நூறு. படிக்கும்போதே வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. எழுதிக் கேளுங்கள், தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

வட்டியைக் கட்டியது நான். அதற்கு வருமான வரியில் 80ஈ பிரிவில் கழிவு கிடைக்கும் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். எடுத்துப் படித்தால், தனக்காகவோ மனைவி, கணவர், பிள்ளைகளுக்காகவோ வாங்கிய கடனுக்குத்தான் அது. தங்கச்சிக்கு அண்ணன் கட்டினால் கிடையாது. அப்பா கட்டினால் உண்டு, ஆனால் அப்பாவுக்கு விவசாய வருமானம், வரியே இல்லை. சட்டம் எழுதியவர்கள் வீட்டில் அண்ணன்மார் யாரும் இல்லைபோல.

பணம் அனுப்பும் முறை அப்போது சுலபம். பல்கலைக்கழகக் கடிதம், பாஸ்போர்ட் நகல், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், வங்கியில் கையெழுத்து. நாடுவிட்டு நாடு வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக நான்கைந்து நாளில் போய்ச் சேரும். இடையில் இருக்கும் வங்கிகள் பிடிக்கும் கட்டணம் யார் தலையில் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதை அனுப்புகிறவர் தலையில் என்று குறிக்காவிட்டால் அங்கே போய்ச் சேரும்போது இருபது முப்பது டாலர் குறையும். அந்தக் குறைவுக்காகப் பரீட்சை ஹால்டிக்கெட்டை நிறுத்தி வைப்பார்கள். சின்ன விஷயம், ஆனால் நள்ளிரவில் போன் வரவைக்கும் விஷயம். ஒரு வருஷத்தில் சொந்தப் பணமாக அனுப்புவது ஒரு வரம்பைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று வரி பிடிப்பது 2020 அக்டோபரில் வந்தது. அப்போது வரம்பு ஏழு லட்சம், 2025 ஏப்ரலிலிருந்து பத்து. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். எங்கள் தொகை அவ்வளவு இல்லை. அதிகமாக அனுப்புகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொரோனா வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தங்கச்சி வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்தாள், முழுக் கட்டணமும் கட்டினோம். ஆன்லைனில் படித்ததை நேரில் ஈடுகட்டியதற்குச் சான்று கொண்டு வா என்று ஆணையம் பின்னால் கேட்டது. அந்தக் கடிதத்துக்கு அவள் அலைந்தது தனிக்கதை.

2022தான் எங்களை ஆட்டிவைத்தது. பிப்ரவரித் தவணை 1,30,000 ரூபிள். அப்போது ஒரு ரூபிள் ஏறத்தாழ ஒரு ரூபாய். பிப்ரவரி கடைசி வாரம் வங்கியில் படிவம் கொடுத்தோம். 24ஆம் தேதி உக்ரைன் போர் தொடங்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் பல ரஷ்ய வங்கிகளை ஸ்விஃப்ட்டிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். மார்ச் 10 முதல் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷ்யாவில் நின்றன. வெளிநாட்டுச் செலவுக்கென்று பணம் போட்டு நம் ஊரில் வாங்கிக் கொடுத்த ஃபாரெக்ஸ் கார்டு அங்கே வெறும் பிளாஸ்டிக். நாங்கள் அனுப்பிய டாலர் நடுவழியில் எங்கோ நின்று, ஏப்ரல் மாதம் திரும்பி வந்தது. போகும்போது விற்கும் விலை, வரும்போது வாங்கும் விலை, இரண்டு பக்கமும் கமிஷன். ஒரு ரூபிள்கூடப் போய்ச் சேராமலேயே சில ஆயிரம் ரூபாய் கரைந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மார்ச் முதல் பாதியில் ரூபிள் அறுபது, எழுபது பைசாவுக்கு வந்திருந்தது. அன்றைக்கு அனுப்ப முடிந்திருந்தால் 1,30,000 ரூபிளுக்கு எண்பத்தைந்தாயிரம் ரூபாய் போதும். அனுப்பத்தான் வழியில்லை. ரஷ்யா பிப்ரவரி கடைசியிலேயே வட்டி விகிதத்தை ஏற்றியிருந்தது, டாலர் வெளியே போவதை இறுக்கியது, எண்ணெய் எரிவாயுப் பணம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. ரூபிள் எல்லோரும் நினைத்ததற்கு நேர்மாறாக ஏறத் தொடங்கியது. தடைக்கு உள்ளாகாத வேறொரு வங்கியின் கணக்கு எண்ணைப் பல்கலைக்கழகம் கொடுத்து, நம் வங்கியும் ஒத்துக்கொண்டு, பணம் நிஜமாகவே போய்ச் சேர்ந்தது ஜூன் மாதம். அதற்குள் ரூபிள் ஒரு ரூபாய் முப்பத்தேழு பைசா. அதே தவணைக்கு 1,78,000 ரூபாய். அந்த மாதக் கடைசியில் ஒன்றரை ரூபாயைத் தொட்டது. போர் நடக்கும் நாட்டின் பணம் விழும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பொருளாதாரத்தை அன்றோடு மறந்தேன்.

வங்கி கடன் ஒதுக்கியது ரூபாயில். விலை ஏறினால் ஒதுக்கீடு ஏறாது. கூடுதலாகத் தேவைப்பட்ட ஐம்பதாயிரத்துக்கு அம்மாவின் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். ஊரில் இரண்டு ரூபாய் வட்டிக்குத் தர ஆள் இருந்தார்கள். அப்பா அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார்.

மாதச் செலவுக்கு என்ன செய்வது? அந்தக் கோடையில் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் எல்லாம் டாலர் நோட்டாகவே கொண்டுபோனார்கள். வெளிநாடு போகிறவர் கையில் மூவாயிரம் டாலருக்கு மேல் நோட்டாக எடுத்துப் போகக் கூடாது என்பது பொது விதி. ரஷ்யாவுக்கும் பழைய சோவியத் நாடுகள் சிலவற்றுக்கும் ரிசர்வ் வங்கி இதில் முன்பிருந்தே விலக்கு வைத்திருக்கிறது. அனுமதித்த அந்நியச் செலாவணி முழுவதையும் நோட்டாக வாங்கலாம். இது எங்கள் ஊர் ஃபாரெக்ஸ் கடைக்காரருக்கே தெரியவில்லை. அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா சுடிதாரின் உள்பக்கம் ஜிப் வைத்துப் பை தைத்தார். நோட்டு புதுசாக இருக்க வேண்டும். மடிப்பு, கறை, பேனாக் கோடு எது இருந்தாலும் அங்கே மாற்ற மறுப்பார்கள். கடைக்காரர் எண்ணிக் கொடுத்த நோட்டுகளைத் தங்கச்சி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஏழெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். தக்காளி பொறுக்குவதில் அம்மாவையே மிஞ்சிவிட்டாள் என்று அப்பா சொன்னார்.

இன்னொரு வழியும் ஓடிக்கொண்டிருந்தது, இப்போதும் ஓடுகிறது. இங்கே ஒரு நம்பருக்குக் கூகுள் பேயில் ரூபாய் போட்டால் பத்து நிமிஷத்தில் அங்கே ஒரு சீனியர் ரூபிளைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். வங்கியைவிட நல்ல விலையும்கூட. பல வீடுகளில் மாதச் செலவு இப்படித்தான் போகிறது. இது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம், தெளிவாகவே விரோதம். பெரிய நேர்மையாளன் என்பதால் நான் ஒதுங்கவில்லை, பயம்தான் காரணம். நம் ரூபாய் போகும் கணக்கு யாருடையது, அதில் வேறென்ன பணம் புழங்குகிறது என்பது நமக்குத் தெரியாது. நாளைக்கு சைபர் கிரைம் போலீஸ் அந்தக் கணக்கை முடக்கினால், அதற்குப் பணம் போட்டவர் என்று நம் கணக்கும் மாட்டும்.

2023 செப்டம்பரில் கடைசி வருஷக் கட்டணம் 2,80,000 ரூபிளாக ஏறியிருந்தது. ஆனால் ரூபிள் எண்பத்தாறு பைசாவுக்கு இறங்கியிருந்தது. ரூபாயில் பார்த்தால், முதல் வருஷம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கட்டியதைவிடக் குறைவு. எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

2024 ஜூனில் பட்டம் வாங்கினாள். ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். செலவு முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும் இடம் இது. வங்கியும் இந்த இடத்திலிருந்துதான் ஒரு வருஷம் எண்ணும். ஆனால் வெளிநாட்டில் படித்தவர் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வை முடிக்க வேண்டும். முந்நூறு கேள்வி, நூற்றைம்பது எடுத்தால் தேர்ச்சி, வருஷத்துக்கு இரண்டு முறை. எழுதுகிறவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறாத முறைகள் பல. ஜூனில் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அந்த ஜூன் தேர்வு கிடைக்காது. டிசம்பர் தேர்வுதான், அதுவும் அந்தமுறை 2025 ஜனவரியில் நடந்தது. தங்கச்சிக்குச் சில மதிப்பெண்ணில் போயிற்று. ஜூலையில் மறுபடி எழுதித் தேறினாள். கோச்சிங், சென்னையில் ஹாஸ்டல், சாப்பாடு என்று அந்த ஒரு வருஷம் ஆன செலவு எந்த நோட்டீஸிலும் இல்லை, எந்த வங்கிக் கடனிலும் இல்லை. கடன் தவணை தொடங்கியதும் அதே ஜூலையில்தான்.

அதற்கப்புறம் மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர். வெளிநாட்டில் படித்தவர்களுக்குக் கல்லூரிகளில் பயிற்சி இடம் குறைவு, வரிசையில் நிற்க வேண்டும். முன்பு இதற்கே தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. 2022இல் அரசு அதைப் பெரிதாகக் குறைத்தது எங்களுக்குப் பிழைப்பு. ஆக, 2018இல் போனவள் முழுப் பதிவு பெற்ற மருத்துவராக முதல் சம்பளம் வாங்க எட்டு வருஷம் தாண்டுகிறது. ஆறு வருஷம் என்று நினைத்துக் கடன் வாங்குகிறவர்கள் நடுவில் இருக்கும் இந்த இரண்டு வருஷத்துக்கு வட்டியையும் தவணையையும் யார் கட்டுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான்.

போன மாதம் லீவுக்கு வந்தவள், பயிற்சி முடிந்ததும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னாள். அம்மா சந்தோஷப்பட்டார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏனம்மிணி, அது எந்த ஊர்க் காசுல கட்டறது?" என்று கேட்டார்.

"நம்மூர்க் காசுதானுங்கப்பா."

"அப்படின்னா எழுது."